பிறர் காணியில் நடக்கும் உரிமை

"அண்ணா, இது ஆரின்ரையோ காணி போலக் கிடக்கு. உள்ளுக்குப் போனால் ஏசமாட்டினமோ?"

இலண்டன் மாநகரின் தென் எல்லையில், இடுப்பளவு உயர்ந்து நின்ற கோதுமை வயலின் ஓரத்தில் என் தங்கை கேட்ட கேள்வி இது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. எமக்கு முன்னால் மஞ்சள் அம்புக்குறி பொறித்த மரக்கம்பம் நின்றது. அது காட்டிய திசையில் பயிரை ஊடறுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையொன்று நேராகச் சென்றது. பாதை கண்முன்னே கிடந்தது. அது பொதுமக்களுக்கு உரியது என்ற அறிவிப்பும் இருந்தது. ஆயினும் குரொய்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவளும், பிரித்தானியக் குடியுரிமை பெற்றவளும், அந்நாட்டுக்கு ஒழுங்காக வரி செலுத்துபவளுமான ஒருத்திக்கு அதில் காலை வைக்கத் துணிவு வரவில்லை.

அந்தத் தயக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

தங்கை வீட்டில் நான் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். புலம்பெயர்ந்த எமது குடும்பங்களின் வார இறுதி எப்படிக் கழியும் என்பது வாசகர்கள் அறியாததன்று. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, அதன்பின் வயலின் வகுப்பு, மாலையில் யாரோ ஒருவர் வீட்டுச் சாமத்தியச் சடங்கு. ஞாயிறு கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் உரியது. மச்சான் என்னைத் தேம்ஸ் நதிக்கும் கோபுரப் பாலத்துக்கும் காரில் அழைத்துச் செல்ல ஆயத்தமாக இருந்தார். நானோ, வீட்டுக்கு அருகில் இருக்கும் சுண்ணக் குன்றுகளில் பிள்ளைகளோடு நடக்க வேண்டும் என்றேன். "இஞ்சை குன்று எங்கை இருக்கு மச்சான்?" என்று அவர் வியப்போடு கேட்டார். கிழக்குக் குரொய்டனில் புகையிரதம் ஏறினால் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் கூல்ஸ்டன் தெற்கு நிலையம். அங்கிருந்து சில நிமிடங்கள் மேல்நோக்கி நடந்தால் பார்திங் டவுன்ஸ் என்னும் புல்வெளிக் குன்று. இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அவர்கள் அங்கு சென்றதில்லை.

குன்று என்றதும் மலையகத்துச் சரிவுகளை எண்ணிவிடக் கூடாது. இவை அலை எழுந்து தாழ்வதுபோல் மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும் மேடுகள். மூச்சுவாங்க ஏறவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஏழு வயது மருமகனும் பதினொரு வயது மருமகளும் ஓடினார்கள். நானும் மச்சானும் பேசிக்கொண்டே நடந்தோம். உச்சியில் நின்று வடக்கே திரும்பினால் இலண்டனின் வானுயர் கட்டடங்கள் புகார் போலத் தெரிகின்றன. தெற்கே பார்த்தால் புல்லும் மரமும் ஆகாயமும்தான்.

பாதையில் புல் தேய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. மருமகன் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்துத் தன் கறுப்புச் சப்பாத்தின் முனையில் கோடு இழுத்துப் பார்த்தான். "மாமா, இது வெண்கட்டி!" என்று கத்தினான். அவன் சொன்னது முற்றிலும் சரி. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி, ஆறு கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் வரையான காலத்தில், இந்நிலப்பரப்பு வெதுவெதுப்பான கடலின் அடியில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் மழைபோல் அடியில் விழுந்து படிந்து இறுகியதே இந்த வெண்சுண்ணக்கல். இலண்டனுக்குத் தெற்கே வடக்கு டவுன்ஸ், அதற்கும் தெற்கே கடலோரமாகத் தெற்கு டவுன்ஸ், வடமேற்கே சில்ட்டேர்ன் குன்றுகள் என எல்லாமே இந்த ஒரே கல்லின் வெவ்வேறு மடிப்புகள்.

பார்திங் டவுன்ஸைத் தாண்டி இறங்கினால் வரும் பள்ளத்தாக்குக்கு ஆங்கிலத்தில் மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு என்று பெயர். அவர்களது உச்சரிப்பைத் தமிழில் எழுதப் புகுந்தால் 'ஹப்பி வலி' என்றோ 'ஹப்பி வேலி' என்றோதான் வரும். இரண்டும் அந்த இடத்துக்குப் பொருந்தா. இப்பள்ளத்தாக்கின் அடியில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. பனியுகத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது உருகிய நீர் மேலே ஓடி அறுத்த பள்ளம் இது. உறைவு நீங்கியபின் மழைநீர் முழுவதையும் சுண்ணக்கல் உறிஞ்சிக்கொள்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தின் குடிநீரில் பெரும்பகுதி இவ்வாறு கல்லுக்குள் இறங்கிய மழைநீர்தான். யாழ்ப்பாணத்தானுக்கு இது புதிய பாடமன்று. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத எமது குடாநாடும், வயதில் மிக இளையதாயினும், சுண்ணாம்புக்கல் மேல்தான் அமர்ந்திருக்கிறது. நாமும் கல்லுக்குள் இறங்கிய மழையைக் கிணற்றால் அள்ளிக் குடித்து வளர்ந்தவர்களே. இதைச் சொன்னபோதுதான் அந்நிலத்தைத் தங்கை முதன்முதலாக அக்கறையோடு பார்த்தாள்.

அந்தப் புல்வெளியைக் குனிந்து பார்க்கவேண்டும். நல்ல சுண்ணநிலப் புல்வெளியில் ஒரு சதுர மீற்றருக்குள் நாற்பது வகைத் தாவரங்கள் வரை இருக்கும். மண் மெல்லியது, வளம் குறைந்தது. ஆகையால் எந்த ஒரு செடியும் மற்றவற்றை அமுக்கி மேலெழ முடிவதில்லை. இங்கு ஆங்கிலேயர் 'யெலோ ரட்டில்' என்றழைக்கும் மஞ்சள் பூச்செடியின் பெரிய இனம் வளர்கிறது. பிரித்தானியாவில் அது மிக அரிது. காய் முற்றியதும் உள்ளே விதைகள் கிலுகிலுப்பை போல் ஒலிப்பதால் அந்தப் பெயர். அது புல்லின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சிப் புல்லைத் தணித்துவைக்கிறது. அதனால் ஏனைய பூக்களுக்கு இடம் கிடைக்கிறது.

இந்தப் புல்வெளி இயற்கை தானாக ஆக்கியதன்று. பல நூறு தலைமுறைகளாகச் செம்மறிகளும் மாடுகளும் மேய்ந்து மேய்ந்து ஆனது. மேய்ச்சல் நின்றால் சில ஆண்டுகளிலேயே முட்பற்றைகள் எழுந்து பூக்களை மூடிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவின் சுண்ணநிலப் புல்வெளிகளில் ஏறத்தாழ 80 வீதம் அழிந்துவிட்டதாகக் கணிக்கிறார்கள். உழுது பயிரிடப்பட்டதும், செயற்கை உரம் இடப்பட்டதும், மேய்ச்சல் கைவிடப்பட்டதும் அதற்குக் காரணங்கள். 1953இல் பரவிய கொள்ளைநோயால் முயல்கள் மடிந்தபோது அவை கறித்துவந்த சரிவுகளும் பற்றையாகின. பயன்படுத்துவதனாலேயே வாழும் நிலம் இது. அதன் குறுக்கே செல்லும் பாதைக்கும் இதே விதிதான்.

இனித் தங்கையின் கேள்விக்கு வருவோம். பார்திங் டவுன்ஸ் இன்று திறந்து கிடப்பது தற்செயலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூல்ஸ்டனின் பொதுநிலங்களை அவ்வூர் நிலப்பிரபு வேலியிட்டு அடைக்க முற்பட்டார். 1870களில் வழக்கு நடந்தது. இறுதியில் 1883இல் இலண்டன் மாநகரக் கழகம் அந்நிலங்களை விலைக்கு வாங்கிப் பொதுமக்களுக்கென நிலைப்படுத்தியது. ஆனால் நாங்கள் தயங்கி நின்ற கோதுமை வயல் அப்படிப்பட்டதன்று. அது உண்மையிலேயே பிறர் காணி. விதைப்பவரும் அறுப்பவரும் வேறொருவர். ஆயினும் அதன் குறுக்கே நடக்கும் உரிமை எமக்கு இருந்தது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,25,000 கிலோமீற்றர் நீளத்துக்கு இத்தகைய பொதுவழிகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தனியார் நிலத்தின் ஊடாகவே செல்கின்றன. ஒருமுறை பொதுவழியாகிவிட்டது சட்டப்படி மூடப்படும் வரை பொதுவழியே என்பது அந்நாட்டுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. வயலின் நடுவே செல்லும் நடைபாதையை உழவர் உழலாம். ஆனால் பயிரிடுவதற்காக முதன்முறை கிளறிய நாளிலிருந்து 14 நாள்களுக்குள் அதனை மீண்டும் நடக்கத்தக்கதாக ஆக்கிக்கொடுக்க வேண்டும். பயிர் வளர்ந்த பின்னரும் குறைந்தது ஒரு மீற்றர் அகலத்துக்கு வழி விடவேண்டும். எம் முன்னால் பயிருக்கு நடுவே நேராகக் கிடந்த பாதை யாரோ இரக்கப்பட்டு விட்ட வழியன்று. அது சட்டம் விடச் சொன்ன வழி.

அச்சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. பொதுமக்கள் ஒரு வழியைத் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, எவரிடமும் அனுமதி கேளாமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தால், நில உரிமையாளர் அதனைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்தார் என்றே கொள்ளப்படும். அவர் அவ்வாறு எண்ணவில்லை என்பதற்குச் சான்று இருந்தாலன்றி இதுவே விதி. நடப்பவரின் கால் உரிமையை ஆக்குகிறது என்பதே இதன் பொருள். எமது நாட்டிலும் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று, அயலவர் காணியூடாகப் பத்து ஆண்டுகள் தடையின்றி நடந்தவருக்கு வழியுரிமை பெற இடமளிக்கிறது. யாழ்ப்பாணத்து உறுதிகளில் வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு என்று எழுதும் வழக்கத்தைப் பழைய தலைமுறையினர் அறிவர். ஆக, காணி ஒருவருக்கும் வழி இன்னொருவருக்கும் உரியதாக இருக்கலாம் என்பது எமக்கு அந்நியமான எண்ணமன்று. நாம் அதனை மறந்துவிட்டோம்.

இவ்வுரிமைகள் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டவையும் அல்ல. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், வடக்கே கின்டர் ஸ்கவுட் என்னும் சதுப்பு மேட்டில், வேட்டைக்காக மூடிவைக்கப்பட்ட நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றார்கள். முன்னின்ற பென்னி ரொத்மனுக்கு அப்போது இருபது வயது. அவர் மன்செஸ்டரில் பிறந்தவர். பெற்றோர் ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். அந்த நடையும் அதையொத்த பல இயக்கங்களும் உருவாக்கிய கருத்தலையின் வழியிலேயே 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்குமான சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி மேலே சென்றது. மலை, சதுப்பு மேடு, புதர்நிலம், சுண்ணக் குன்று என்று வகைப்படுத்தி, வரைபடத்தில் அவ்வாறு குறிக்கப்பட்ட திறந்த நிலங்களில் பாதையை விட்டும் நடக்கலாம் என்றது. இன்று ஆங்கிலேயர் தம் பாரம்பரியமாகப் போற்றும் நடையுரிமையைப் பெற்றுத்தந்தவர்களுள் குடியேறியவரின் மகனும் ஒருவர் என்பதை எமது பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

உரிமை எழுதப்பட்டுவிட்டால் அது தானாக நிலைக்கும் என்றும் எண்ணிவிட முடியாது. 1949க்குப் பின் வரைந்த சட்டபூர்வ வரைபடங்களில் பல பழைய பாதைகள் விடுபட்டுப் போயின. அவற்றைப் பதிவதற்கு 2026 ஜனவரி முதலாம் நாளை இறுதித் திகதியாக 2000ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. பின்னர் அது 2031க்குத் தள்ளப்பட்டது. அவ்விறுதித் திகதியையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் தேடி எடுத்துப் பாதைகளை மீட்டவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்கள். நடக்க ஆளில்லாத பாதைக்காக யார் இவ்வளவு பாடுபடுவார்கள்?

அப்படியானால் எங்கள் ஆட்கள் ஏன் நடப்பதில்லை? நேரமில்லை என்பார்கள், குளிர் என்பார்கள், சேறு என்பார்கள். இவற்றில் உண்மை உண்டு. இரவு வேலை முடித்து வருபவரிடம் குன்றேறச் சொல்வது எளிதன்று. தேசியப் பூங்காக்கள் தமக்கு உரிய இடமல்ல என்று சிறுபான்மை இனத்தவர் பலர் கருதுவதை, இங்கிலாந்தில் 2019இல் ஜூலியன் குளோவர் தலைமையில் நடந்த மீளாய்வும் சுட்டிக்காட்டியது. ஆகவே பழியை முழுவதும் எம்மீது போடுவதற்கில்லை. எனினும் எமக்கென்று தனியான இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன்.

என் தங்கை தொண்ணூறுகளின் இறுதியில் நாட்டை விட்டுப் போனவள். அவள் பள்ளிக்குச் சென்ற காலத்தில் அம்மா வாசலில் நின்று நாள்தோறும் சொன்ன அறிவுரை, "றோட்டை விட்டு இறங்கக் கூடாது" என்பதுதான். ஆட்களில்லாத வளவு, புல் மூடிய ஒழுங்கை, கைவிடப்பட்ட தோட்டம் எல்லாவற்றிலும் மிதிவெடி இருக்கக்கூடும். மண்டையோட்டுப் பலகை இருந்தால் தெரியும், இல்லாத இடமே ஆபத்தானது. காணிகள் பல பாதுகாப்பு வலயங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தன. சொந்தக் காணிக்குள்ளேயே அனுமதி கேட்டு நுழைய வேண்டியிருந்தவர்கள் நாங்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017இல். அதற்கெல்லாம் முன்பே அந்த அச்சம் ஒரு தலைமுறையின் கால்களுக்குள் இறங்கிவிட்டது. கோதுமை வயலின் ஓரத்தில் நின்றபோது தங்கையைத் தடுத்தது ஆங்கிலேய விவசாயி அல்லர். அம்மாவின் குரல்தான்.

அன்று அந்தக் குரல் உயிர் காத்தது. அதில் ஐயமில்லை. ஆனால் அதே குரலைக் குரொய்டனில் பிறந்த பிள்ளைகளுக்கும் நாம் முதுசமாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. ஒரு நாட்டில் வேலை செய்யலாம், வீடு வாங்கலாம், வாக்களிக்கலாம். அந்நாட்டின் மண்ணில் அச்சமின்றிக் கால் வைக்காதவரை அங்கு விருந்தாளியாகவே இருப்போம். தமிழ்ப் பள்ளியும் வயலினும் பிள்ளைகளுக்கு அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைச் சொல்கின்றன. எங்கே நிற்கிறார்கள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். செலவு, புகையிரதச் சீட்டும் ஒரு பொதி இடியப்பமும்தான்.

இது இலண்டனுக்கு மட்டும் உரிய செய்தியன்று. எமது மக்கள் பெருந்தொகையாக வாழும் நோர்வேயில், சாகுபடி செய்யாத நிலங்களில் எவரும் நடக்கும் உரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்கிறது. சுவிற்சர்லாந்தில் நடைபாதைகளுக்கு அரசியலமைப்பிலேயே இடமுண்டு. ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தைவிடத் தாராளமானது. அந்தந்த நாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தை அறிந்துகொண்டு வெளியே இறங்கலாம்.

உரிமையோடு கடமையும் சேர்ந்தே வருகிறது. பயிருக்குள் ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டும். திறந்த படலையைச் சாத்திவிட்டுப் போகவேண்டும். கால்நடை மேயும் இடத்தில் நாயைக் கயிற்றில் பிடிக்கவேண்டும், கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நடப்பவர்களால் தமக்கு இழப்பு என்று விவசாயிகள் முறையிடுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆடு கடிபட்டுச் சாவதும் வேலி முறிபடுவதும் நடக்கின்றன. மழை பெய்தபின் சுண்ணக்கல் பாதை எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும், ஆகையால் பிடிப்புள்ள சப்பாத்து அவசியம். கடலோரத்துச் செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகளுக்குப் பிள்ளைகளோடு செல்வோர் விளிம்பருகே போகவே கூடாது. அந்தக் கல் எச்சரிக்கையின்றிப் பெயர்ந்து விழும். மஞ்சள் அம்பு நடப்போருக்கு மட்டுமான பாதை, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரிய பாதை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்று மருமகள்தான் முதலில் கோதுமைக்குள் இறங்கினாள். "அம்மா, அம்பு போட்டிருக்குத்தானே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நாங்கள் பின்தொடர்ந்தோம். வயலுக்கு அப்பால் சால்டன் என்னும் சிற்றூரின் பழைய தேவாலயம் இருக்கிறது. அதன் மேற்குச் சுவரில் 1200ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியமொன்று, சுண்ணாம்புப் பூச்சுக்குக் கீழே நெடுங்காலம் மறைந்து கிடந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. நடுவே ஓர் ஏணி, அதில் ஆன்மாக்கள் சில மேலேறுகின்றன, சில கீழே நரகத்துக்குள் விழுகின்றன. மருமகன் விழுபவர்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே மர நிழலில் அமர்ந்து இடியப்பமும் சம்பலும் உண்டோம்.

ஊர் திரும்பிய பின்னர் எமது ஒழுங்கைகளில் நடந்து பார்த்தேன். நான் சிறுவனாக இருந்தபோது வளவுக்கு வளவு வேலியில் கடவை இருந்தது. அதனூடாகப் பள்ளிக்கும் கோயிலுக்கும் கிணற்றுக்கும் போவோம். யாரும் ஏசியதில்லை. இப்போது வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில் எழுந்திருக்கிறது. கடவையைக் காணவில்லை. போர் மூடிய வழிகளைப் பற்றி நாம் நிறைய எழுதினோம், எழுதவும் வேண்டும். நாமே மூடிய வழிகளைப் பற்றி எவரும் எழுதவில்லை.

அன்று மாலை அதே கோதுமை வயலினூடாகத்தான் நாங்கள் நிலையத்துக்குத் திரும்பினோம். பாதை எங்கே தொடங்குகிறது என்று நானும் மச்சானும் தேடிக்கொண்டிருக்க, தங்கை எங்களுக்கு முன்னால் இறங்கி நடந்துகொண்டிருந்தாள். இது யாருடைய காணி என்று அவள் மறுபடி கேட்கவில்லை.